மரங்கள் கேட்ட கை

பதினெட்டாம் கட்டைச் செம்பனைத் தோட்டத்து ஆப்பீசில் அன்று காலை விசாரணைக்கு உட்கார்ந்தவர்கள் ஏழு பேர். மேசையின் தலைமாட்டில் மேனேஜர் பிரகலாதன். அவருக்கு வலப்பக்கம் கம்பெனியின் மண் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து வந்திருந்த டாக்டர் ஷர்மிளா, முன்னால் துணியால் மூடிய ஒரு கண்ணாடித் தட்டோடு. இடப்பக்கம் மண்டோர் அந்தோணிசாமி. ஆட்களை மேய்ப்பதோடு, பதினெட்டாம் பிளாக்கும் அவர் பேரில்தான் இருந்தது. ஜன்னலோர பெஞ்சில் அவர் மனைவி ஜெசிந்தா. அவளை யாரும் கூப்பிடவில்லை, வந்துவிட்டாள். மேனேஜருக்கு எதிரே பதினேழாம் பிளாக்கின் குணசீலன். அவனுக்கும் அவன் மனைவி தவமலருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது. சங்கத்தின் கிளைச் செயலாளர் என்ற முறையில் அதில் போய் நான் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் சூடு அடித்தது.

தவமலர் வீட்டை விட்டுப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. தைப்பிங் டவுனில் அக்காள் வீட்டில் இருந்தாள். விசாரணை என்று ஆள் அனுப்பியதால் மட்டும் வந்திருந்தாள். இடது மணிக்கட்டில் கட்டு. அது எப்படி வந்தது என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை.

"குணசீலன்," என்று மேனேஜர் தொடங்கினார். "இணைப்பாளர் நீ. உன் பிளாக்கில குலை பழுக்காமலே உதிருது. மட்டை மஞ்சளாகுது. ரெண்டு வாரமா நீ வேலைக்கே போகலன்னுதானே அர்த்தம்?"

"தெனமும் போனேன் சார். பெரட்டுல பேரு கூப்பிட்டப்ப நின்னேனா இல்லையா, மண்டோரக் கேளுங்க."

"நின்னான்," என்றார் அந்தோணிசாமி. "எப்படி நின்னான்னு கேக்காதீங்க."

"என்னா மண்டோரே, நக்கலா? மூணு வருசம் சிறந்த இணைப்பாளர் கேடயம் வாங்கினவன் நானு. அந்த மரங்க என் கையத்தான் கேக்கும். அதுக்கு மேல என்னா செய்யணும், தாலாட்டு பாடணுமா?"

ஜெசிந்தாவுக்குப் பொறுக்கவில்லை. "அவன் பாடறான், இவ ஓடறா. நடுவுல எங்க பிளாக்கு ஏன் சார் சாவணும்? சாலைக்கு இந்தப் பக்கம் எங்க மரமும் வாட ஆரம்பிச்சிடுச்சி. நாங்க யாரக் கேக்கறது?"

"அம்மா, நான் சொல்றேன்," என்றார் டாக்டர் ஷர்மிளா. பட்டணத்துத் தமிழ், ஆனால் பொறுமையானது. "மரத்து வேர்கள்ல நாங்க ஒரு பூஞ்சை விட்டோம் இல்லையா? நீங்க வெள்ளை நூல்னு சொல்றது. அது ஒரு மரத்துலேர்ந்து இன்னொரு மரத்துக்குத் தண்ணியும் சத்தும் கொண்டு போகும். அதனாலதான் பாதி உரத்துல ரெண்டு பங்கு குலை. சாலைக்கு அடியிலயும் அது ஓடுது. ஒரு பிளாக்குல நூல் சுருங்கினா பக்கத்துல இருக்கறதும் சுருங்கும்."

"அதுக்கும் ஆளுக்கும் என்னா சம்பந்தம்?" என்றாள் ஜெசிந்தா.

"மனுசத் தோல்ல கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்குல இருக்கு. ஆளுக்கு ஆள் அது வேற. நூல் வளர்ற முதல் ரெண்டு வருசத்துல எந்தக் கை தினமும் அந்த மண்ணைத் தொடுதோ, அந்தக் கையோட உயிர்களைச் சேர்த்துக்கிட்டுத்தான் நூல் பின்னும். அப்புறம் அது வராம இருந்தா, நூலுக்குப் பாதி உடம்பு போன மாதிரி. நாங்க அப்படி ஆகணும்னு செய்யல. அது அப்படித்தான் வளர்ந்துச்சு. புதுக் கையைப் பழக்கலாம். ஒன்றரை வருசம் ஆகும், அதுவரைக்கும் பழைய கையும் கூட இருக்கணும்."

இதற்காகத்தான் சட்டம் வந்தது. செம்பனை எண்ணெய்க்கென்று இனி ஒரு மரமும் காட்டில் வெட்டக்கூடாது, இருக்கிற நிலத்திலேயே விளைச்சலைக் கூட்டவேண்டும் என்று உலகமே சொன்னபோது, வெள்ளை நூல்தான் வழி என்று ஆயிற்று. பதிவான கைக்குச் சொந்தக்காரரை இணைப்பாளர் என்றார்கள். மாற்றுக் கை பழகும் வரை இணைப்பாளர் நான்கு நாளுக்கு மேல் தோட்டத்தை விட்டு வெளியே தங்கக்கூடாது. தங்கினால் போலீஸ் கொண்டுவந்து விடும். கம்பெனிகளோ மாற்றுக் கையைப் பழக்க அவசரப்படவே இல்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவன் தம்பியின் சாவுக்காகக் கெடா மாநிலத்துக்குப் போய், கருமாதிக்கு முன்னாலேயே வண்டியில் ஏற்றப்பட்டான்.

"அப்ப இவன் கை இங்கதானே இருக்கு?" என்றார் மேனேஜர். "நூல் ஏன் சுருங்குது?"

டாக்டர் துணியை எடுத்தார். தட்டில் கறுப்பு மண். மேலே நனைந்த பஞ்சுபோல வெள்ளை. "பதினேழாம் பிளாக்குலேர்ந்து எடுத்தது. கையை வைங்க குணசீலன். மண்ணைத் தொடவேண்டாம், ஓரமா வைச்சாப் போதும்."

அவன் சட்டைக் கையைச் சுருட்டி, சாமி முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்பவன் மாதிரி உள்ளங்கையை நீட்டி வைத்தான். நாங்கள் பார்த்தோம். பஞ்சு அசையவில்லை. மேனேஜர் குனிந்து பார்த்தார். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

"குளிரா இருக்கு. ஏர்கோன்ல வைச்சுக் கொண்டாந்திருக்கீங்க," என்றான் குணசீலன்.

டாக்டர் தட்டை இந்தப் பக்கம் நகர்த்தினார். தவமலரைப் பார்த்தார். "நீங்க வைங்கம்மா."

"நான் எதுக்கு? என் பேரு எதுலயும் இல்லையே."

"சும்மா வைங்க."

வலது கையை வைத்தாள். விரல் நுனிகளில் செம்பனை முள் குத்திய பழைய கறுப்புப் புள்ளிகள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பஞ்சின் ஓரத்தில் மயிரிழைபோல ஒன்று எழும்பிச் சாய்ந்தது. அப்புறம் இன்னொன்று. ஒரு பாத்திரத்தில் பால் பொங்கி ஓரத்துக்கு வருவதுபோல வெள்ளை முழுவதும் அவள் கைப்பக்கம் நகர்ந்தது. தவமலர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இது என்னமோ வித்த," என்றான் குணசீலன். ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"அதெப்படி?" மேனேஜருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "நீளக் கம்பால குலையை வெட்டறது அவன். பதிவு அவன் பேருல. இவங்க சும்மா கூட வந்து உதிரிப் பழம் பொறுக்கறவங்க."

"மண்ணத் தொடறது யாரு?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் கையுறை குடுத்திருக்கோம். யாருமே நேராத் தொடக்கூடாது."

பெஞ்சிலிருந்து ஜெசிந்தா சிரித்தாள். நல்ல சிரிப்பு அல்ல. "பேரு இருக்கறவங்களுக்குக் குடுத்தீங்க சார். ஒரு பேருக்கு ஒரு சோடி. கூட வர்ற பொம்பளைக்குக் கையுற எங்க குடுத்தீங்க? முள்ளுல கை விட்டு ஒவ்வொண்ணாப் பொறுக்கினது நாங்க. வெறுங்கையி..." அங்கேயே நிறுத்திக்கொண்டாள். மடியில் கிடந்த தன் இரண்டு கையையும் ஒருமுறை பார்த்தாள். 

அறையின் முகமே மாறிவிட்டது. மேனேஜர் மணியடித்துத் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். முதல் கோப்பையைத் தவமலர் பக்கம் தள்ளினார். "தவமலர் அம்மா, குடிங்க. தப்பு எங்க மேலதான். உங்களை இத்தனை வருசம் தொழிலாளியாவே நாங்க மதிக்கல."

பிறகு அலமாரியைத் திறந்து ஒரு கடிதக் கட்டை எடுத்து என் முன்னால் போட்டார். எல்லாம் என் கையெழுத்து. உதிரி பொறுக்கும் மனைவிமார்களை வேலையாட்களாகப் பதியவேண்டும், சேமநிதி பிடிக்கவேண்டும், விபத்துக் காப்பு தரவேண்டும் என்று சங்கத்தின் சார்பில் பதினான்கு வருடமாக நான் எழுதிய கடிதங்கள். ஒவ்வொன்றின் கீழும் கம்பெனி ஒரே பதிலைக் குத்தியனுப்பும்: மேற்கண்டவர்கள் தொழிலாளர்கள் அல்லர்.

"செயலாளரே, நீங்க ஜெயிச்சிட்டீங்க," என்றார். "தவமலர் விசயத்துல உங்க கோரிக்கையை முழுசா ஒத்துக்கறோம். முதல் நாள்லேர்ந்து பதிவு. சேமநிதி பாக்கி மொத்தமும். வெள்ளிக்கிழமைக்குள்ள தொழிலாளர் இலாகாவுக்குச் சங்கம் ஒரு கடிதம் போட்டு உறுதி பண்ணினாப் போதும். ரெண்டு தரப்பும் ஒத்துப்போனா அவங்க கேள்வியே கேக்க மாட்டாங்க."

 முதலில் விளங்கிக்கொண்டவள் தவமலர்.

"பேரு வந்தா நான் போக முடியாது. அதானே?"

"மாத்துக் கை பழகற வரைக்கும்..."

"என்னைக்குப் பழக்குவீங்க?"

மேனேஜர் தேத்தண்ணியைக் கலக்கினார். குணசீலனுக்கு உயிர் திரும்பிவிட்டது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, என்னைத் தாண்டி அவளைப் பார்த்தான். "எங்கடி போவ? இப்பக் கவர்மெண்டே உன்னக் கொண்டாந்து வாசல்ல விடும். கெட, இங்கயே கெட."

"வாய மூடுறா," என்றேன்.

"நீ யாருய்யா நடுவுல? பேரு போடு பேரு போடுன்னு எழுதினது நீதானே?"

டாக்டர் ஷர்மிளா மேசையைத் தட்டினார். "இவருக்குப் பக்கத்துல நீங்க இருக்க வேண்டாம்மா. தனி வீடு தரச் சொல்றேன். நானே எழுதித் தரேன்."

"தோட்டத்துக்குள்ளயா, வெளியவா?"

"உள்ளதான்."

"நான் தைப்பிங்ல ஒரு சாப்பாட்டுக் கடையில சேந்திருக்கேன் டாக்டர். காலையில எழுந்தா முதுகுக்குப் பின்னால யார் நிக்கறாங்கன்னு பாக்கறதில்ல. அத விட்டுட்டு வரச் சொல்றீங்க."

டாக்டர் ஜன்னலைக் காட்டினார். கட்டட வரிசைக்குப் பின்னால், செம்பனை முடிகிற இடத்தில், காட்டு மலை பச்சையாக எழுந்து நின்றது. "அதைப் பாருங்க. நூல் வந்ததுலேர்ந்து அதுல கோடாலி விழல. ஒரு பிளாக்கு போனா பக்கத்துப் பிளாக்கு போகும். பத்து பிளாக்கு போனா, பழைய மாதிரி நிலம் வேணும்னு கேப்பாங்க. எனக்கு உங்க மேல கோபம் இல்ல. ஆனா அந்த மலைக்காக யார் பேசறது?"

பொய் சொல்கிற முகமில்லை அது. கண் கலங்கியிருந்தது. தவமலர் மலையைப் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள், அவசரமில்லாமல்.

"அத வெட்டினது நான் இல்ல," என்றாள். "அதக் காப்பாத்தறதுக்கு மட்டும் நான்தான் அடி வாங்கணுமா?" எழுந்து வெளியே போய்விட்டாள்.

நான் வெளியே வந்தபோது பெரட்டுத் திடலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். சேதி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "செயலாளரே, வெள்ளிக்கிழம கடிதம் போவுதில்ல?" என்று ஒருவன். "பதினேழு போனா அடுத்தது பதினாறு, அது எங்கதுய்யா!" என்று இன்னொருவன். "சந்தா கட்டறது நாங்க. ஓடிப்போனவளுக்கா சங்கம்?" மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனேன். பின் சக்கரத்தில் காற்று இல்லை. காற்றைப் பிடுங்கியவன் அங்கேதான் நின்றிருப்பான். தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வழியில் ஒருவரும் கை கொடுக்கவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எப்போதும்போல முதலில் ஒரு நகல், அதில் திருத்தம், பிறகு நல்ல தாளில் சுத்தப் பிரதி. அனுப்புநர், பெறுநர், பொருள் வரை எழுதிவிட்டேன். பொருளுக்குக் கீழே பேனா நின்றது. இந்தக் கடிதத்தைப் பதினான்கு வருடமாக எழுதத் தயாராக இருந்தவன் நான். "கம்பெனியின் ஒப்புதலைச் சங்கம் வரவேற்கிறது" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கதவைத் தட்டாமல் ஜெசிந்தா உள்ளே வந்தாள். "எழுதிட்டீங்களா? எங்க வீட்டுக்காரர் பாத்துட்டு வரச் சொன்னாரு."

"இன்னும் இல்ல."

"என்னா இன்னும் இல்ல? கிறிஸ்மசுக்குக் கிள்ளான்ல மக வீட்டுல ஒரு வாரம் தங்காம எத்தன வருசம் அந்த மரத்தக் காத்தோம் தெரியுமா? அவரு நாலு நாளுக்கு மேல தங்கக்கூடாதாம், அவர விட்டுட்டு நான் எப்படித் தங்கறது? அந்த மரமெல்லாம் இவளால சாவறதா?"

வாசலில் நிழல் விழுந்தது. தவமலர். தோளில் துணிப்பை. ஜெசிந்தாவைப் பார்த்ததும் படியிலேயே நின்றாள்.

"வாடி மகராணி," என்றாள் ஜெசிந்தா. "தோட்டத்தையே கவுத்துட்டு எங்க கெளம்பிட்ட?"

"மூணு மணி பஸ்ஸுக்கு."

"அடிக்காத புருசன் எவ வீட்டுல இருக்கான்? நாங்கெல்லாம் ஓடிட்டமா?"

"நீங்க ஓடலன்னு நானும் ஓடக்கூடாதாக்கா?" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, என்னா எழுதப் போறீங்க? எதுவா இருந்தாலும் முன்னாலயே சொல்லிடுங்க. போலீஸ் வர்றதுக்குள்ள வேற ஊரு பாத்துக்கறேன்."

சொன்னேன். வழி ஒன்று இருக்கிறது என்றேன். கம்பெனி இன்றைக்கு ஒப்புக்கொள்வது சங்கத்தின் கோரிக்கையைத்தான். கோரிக்கையே இல்லையென்றால் ஒப்புக்கொள்ள ஒன்றுமில்லை. உன் பெயரைப் பொறுத்தவரை கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறோம், நீ தொழிலாளி இல்லை என்று கம்பெனி சொல்லிவந்ததே சரி என்று எழுதினால், பதினான்கு வருடமாக இல்லை என்று குத்தியனுப்பிய கம்பெனி இனித் தனியாகப் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாத கையை எந்தச் சட்டமும் பிடிக்காது. தட்டும் மண்ணும் டாக்டருக்குச் சாட்சி, இலாகாவுக்கு அல்ல.

"அப்ப எழுதுங்க."

"பொறு. அப்படி எழுதினா நீ இங்க வேலையே செய்யலன்னு ஆயிடும். சேமநிதி கெடையாது. முள்ளு குத்தி, பாம்பு கடிச்சி ஆஸ்பத்திரில கெடந்தியே, அதுகூட இல்லன்னு ஆயிடும். நாளைக்கு நீ எந்தக் கோர்ட்டுலயும் வந்து கேக்க முடியாது. நானே உனக்கு எதிர்ச் சாட்சி."

அவள் யோசித்தாள். அந்த யோசனைக்கு நான் மரியாதை கொடுத்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"பேரு இல்லாமத்தானே இருந்தேன்," என்றாள். "இல்லாமலே போறேன். எழுதுங்கண்ணே."

"எழுதினீங்கன்னா சங்கத்த நாங்களே கொளுத்துவோம்," என்று ஜெசிந்தா கத்தினாள். தவமலரை இடித்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். தவமலரும் பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

எழுதினேன். "மேற்படி தவமலர் தொடர்பாக இச்சங்கம் இதுவரை அனுப்பிய கோரிக்கைகள் அனைத்தும் இதன்வழி மீட்டுக்கொள்ளப்படுகின்றன. அப்பெயரில் பதினெட்டாம் கட்டைத் தோட்டத்தில் எந்தத் தொழிலாளியும் எக்காலத்திலும் வேலை செய்ததில்லை என்ற கம்பெனியின் நிலையைச் சங்கம் ஏற்கிறது." படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. என் கையால் இவ்வளவு பெரிய பொய்யை நான் எழுதியதில்லை. சுத்தப் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டு, சங்க முத்திரையையும் குத்தினேன்.

உறையில் போடும் நேரம் ஜெசிந்தா திரும்பவும் வந்தாள். இந்தத் தடவை கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அந்தத் தட்ட டாக்டரம்மா திருப்பிக் கொண்டு போகலியாம்," என்றாள். "எங்க பிளாக்கு மண்ணும் எடுக்கப் போறாங்களாம். நாளைக்கு எங்க வீட்டுக்காரர் கைய வெக்கச் சொல்லுவாங்க."

"சொல்லலாம்."

"அந்தாளு மண்டோரானதுலேர்ந்து மண்ணுல கை வெச்சதே இல்ல."

 அவள் மேசையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தாள். படிக்கத் தெரிந்தவள்தான். மெதுவாக, உதடு அசைய, கடைசி வரை படித்தாள்.

"என் பேரும் அந்தக் கட்டுல இருக்கில்ல?"

"இருக்கு. மூணாவது கடிதத்துலேர்ந்து."

"எடுத்துடுங்க."

"ஜெசிந்தா, உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"அவரக் கேட்டுக்கிட்டா என் பேரப் போட்டீங்க?" என்றாள் எரிச்சலோடு. "இவளுக்காக இல்ல, சொல்லிட்டேன். இவ மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். இவளால எம் மரம் சாவுது. அது வேற. ஆனா என்னக் கட்டி வெக்க எங்க வீட்டுலேர்ந்தே சந்தா கட்டணுமா?"

சேமநிதியைப் பற்றிச் சொன்னேன். எதிர்ச் சாட்சியைப் பற்றியும் சொன்னேன். தவமலருக்குச் சொன்ன எல்லாவற்றையும், ஒன்று விடாமல். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். முடித்ததும், "சீக்கிரம் எழுதுங்க, அடுப்புல உல வெச்சிருக்கேன்," என்றாள்.

சுத்தப் பிரதியில் இடைச்செருகல் செய்வது எனக்குப் பழக்கமில்லை. முதல் தாளைக் கிழித்தேன். "தவமலர்" என்று இருந்த இடத்தில் "தவமலர், ஜெசிந்தா ஆகியோர்" என்று புதுத் தாளில் எழுதினேன். "அப்பெயரில்" என்பது "அப்பெயர்களில்" ஆயிற்று. கையெழுத்து. முத்திரை. அவள் போகாமல் நின்று, மை காயும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனாள்.

வேறு யாரும் வரவில்லை. மற்ற பெண்களின் பெயர்கள் கோரிக்கையில் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர்களுக்கு எது நல்லது என்று இனி எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்தேன். பசை தடவி, ஸ்கேலை வைத்து ஓரம் பிரியாமல் அழுத்தினேன். பக்கத்து வீட்டில் காற்றடிக்கும் பம்ப் கேட்டேன். இல்லை என்று கதவைச் சாத்திவிட்டார்கள். டவுனுக்கு நடந்தே போனேன்.

தபால் ஆப்பீஸ் கவுண்டரில் இருந்த தமிழ்ப் பிள்ளை உறையை எடைபோட்டு, ரிஜிஸ்டர் சீட்டை ஒட்டியது.

"உள்ள என்னா அங்கிள், முக்கியமான பத்திரமா?"

"இல்லம்மா. ரெண்டு பேரு."

புரியாமல் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முத்திரையைக் குத்தி, பின்னால் தொங்கிய சாக்கில் போட்டது. ரசீதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நான் வெளியே வருவதற்குள், வண்டிக்காரன் சாக்கின் வாயைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனான்.